ஒட்டி நடத்தல் (நாய்ப் பயிற்சி)

ஒட்டி நடத்தல் என்பது, நாய் தன்னை நடத்திச் செல்பவரின் இடப்பக்கத்தில், தன் தோள் அவரது காலுக்கு நேராக இருக்க, வார் தளர்ந்த நிலையிலேயே அவரது வேகத்துக்கு இணையாக நடக்கக் கற்கும் கீழ்ப்படிதல் பயிற்சியாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் வகுத்த முறையில் வாரைச் சுண்டியிழுத்துத் திருத்துவதற்குப் பெரும் இடம் இருந்தது. வெகுமதிவழிப் பயிற்சியோ, நல்விளைவு தரும் செயலை உயிரினம் மீண்டும் செய்ய முற்படும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விளக்கிய செயல்படு ஆக்கநிலையிறுத்தத்தின் மேல் எழுந்தது. நாய் உரிய இடத்தில் இருக்கும் கணத்திலேயே கிளிக்கர் எனப்படும் சிறு கருவியால் ஒலியெழுப்பி, உடனே ஓர் இறைச்சித் துணுக்கைக் காலோடு ஒட்டித் தருவது இதன் உயிர்நாடியாகும். உணவு கிடைக்கும் இடத்தையே நாய் நாடுமாதலால், கையை முன்னே நீட்டிக் கொடுப்பவர், தம்மை அறியாமலே அதற்கு முந்தி ஓடக் கற்பிக்கிறார். தொடக்கநிலையில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. முதலில் ஓரடிக்கு ஒருமுறை அளிக்கப்படும் வெகுமதி, பழக்கம் ஊன்றியபின், எதிர்பார்க்க முடியாத இடைவெளிகளில் அளிக்கப்படுகிறது. வாரை இழுக்கும் நாயைத் தண்டிப்பதில்லை; நடத்துபவர் நின்றுவிட, வார் தளர்ந்த பின்னரே நடை தொடர்கிறது. அமைதியான முற்றத்தில் தேர்ந்த நாயும் சந்தடிமிக்க தெருவில் தடுமாறுவது இயல்பாதலால், அங்கே பயிற்சியை மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும்.