மஞ்சள் கேள்விக்குறி

பழைய மேசைக் கணினியில் வலையமைப்பு அட்டை செருகியிருந்தும் விண்டோஸ் அதை அடையாளம் காணவில்லை என்றால், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவில் போன்ற ஊரில் பழியை உப்புக்காற்றின் மேல் போடுவது எளிது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஈரமும் உப்பும் செம்பை அரிக்கும் என்பதும் உண்மையே. ஆனால் இந்தக் கோளாறின் வரலாற்றைப் பார்த்தால், பல வேளைகளில் பழுதானது அட்டை அல்ல என்று தெரியும். அட்டை ஊருக்கு வந்து சேர்ந்தது; அதைப் பற்றிய அறிவு கூடவே வரவில்லை.

1980களின் இறுதியில் பரவிய நொவெல் நிறுவனத்தின் என்இ2000 அட்டைக்கும், அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த எண்ணற்ற நகல்களுக்கும் தம்மை இன்னாரென்று சொல்லத் தெரியாது. முகவரி 300, குறுக்கீட்டு எண் 3 என்று பலகையிலுள்ள சின்னஞ்சிறு ஜம்பர்களை வைத்து மனிதர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதே 3ஐத்தான் கொம் 2 துறையும் கேட்கும். அங்கே ஒரு மோடம் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். இரண்டுமே நல்ல நிலையில் இருந்தாலும் ஒன்று ஊமையாகும். எந்த ஜம்பரை எங்கே மாற்றுவது என்று சொல்லும் காகிதம் தொலைந்தால் அட்டையும் தொலைந்த மாதிரிதான்.

1992இல் பிசிஐ என்ற புதிய செருகுமுறை வந்ததோடு இந்தச் சிக்கல் தீர்ந்தது என்பார்கள். தீர்ந்தது பாதிதான். பிசிஐ அட்டை ஒவ்வொன்றும் தன்னைச் செய்தவரின் எண்ணையும் தன் சொந்த எண்ணையும் சுமந்து வருகிறது. கணினி அவற்றைப் படித்துக்கொள்கிறது. பெயரைப் படித்துவிட்டால் ஆளைத் தெரியும் என்று ஆகுமா? ரியல்டெக் 8139 சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர், 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இறுவட்டிலேயே இருந்தது, செருகினால் போதும். பின்னாளில் மதர்போர்டிலேயே பதித்து வந்த 8168 சில்லு அந்த இறுவட்டுக்கு அந்நியம். அப்போதுதான் விண்டோஸின் சாதனப் பட்டியலில் 'ஈதர்நெட் கொன்ட்ரோலர்' என்ற வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். உப்புக்காற்று வாதத்துக்கு இந்தக் குறியே பதில். முனைகள் முற்றாக அரித்துப்போயிருந்தால் அந்த வரியே தோன்றியிராது. குறி நிற்கிறது என்றால் கணினி எண்ணைப் படித்துவிட்டது, மின்தொடர்பு இருக்கிறது, குறைவது டிரைவர் மட்டுமே. பெட்டியில் அச்சிட்ட பெயரையும் நம்ப முடியாது. டி-லிங்க் 530டிஎக்ஸ் அட்டையில் வியா சில்லு. பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி சேர்ந்தால் உள்ளே ரியல்டெக் சில்லு. சில்லின் முதுகில் உள்ள எழுத்தைப் படிப்பதே நிச்சயமான வழி.

அந்த டிரைவர் இணையத்தில் கிடைக்கும். இணையத்துக்குப் போக அட்டை வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேறக் கொழும்பில் அடுத்த கடைக்கு நடந்தால் போதும். பொத்துவில் ஏ4 வீதியில் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அன்றைய தொலைபேசி வழி இணைப்பில் 5 மெகாபைட் கோப்பு இறங்க, 56 கிலோபிட் வேகம் முழுதாகக் கிடைத்தாலும் 12 நிமிடம் ஆகும். கணினிக்குள் பொருத்தும் மோடம்கள் பலவற்றுக்கும் தனி டிரைவர் தேவைப்பட்டது வேறு கதை. கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுபோன நெனசல திட்டம் 2005இல் தொடங்கியது. இத்தகைய முயற்சிகளைக் கணினிகளின் எண்ணிக்கையால் அளப்பதை நான் ஏற்கவில்லை. டிரைவர் இறுவட்டு பத்திரமாக இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழையதைக் கழற்றிவிட்டுப் புது அட்டை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். விலை பெரிதல்லதான். ஆனால் புதிய அட்டையோடு பழைய விண்டோஸுக்கான டிரைவர் வராமல் போகலாம். கேள்விக்குறி இடம் மாறாமல் நிற்கும். இதைவிட நல்ல வழியை லினக்ஸ் என்ற இயங்குதளம் காட்டியது. 1990களில் நாசாவில் பணியாற்றிய டொனால்ட் பெக்கர் ஏராளமான ஈதர்நெட் அட்டைகளுக்கு டிரைவர் எழுதினார். அவை லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்ந்தன. அதனால் அட்டையைப் பற்றிய அறிவு இயங்குதளத்தோடு சேர்ந்தே பயணித்தது. லினக்ஸின் ஒரு வடிவமான உபுண்டு, 2011 வரை தன் இறுவட்டை உலகெங்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. அதை இட்டு, வன்தட்டைத் தொடாமலே கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். இணைப்புக் கிடைத்தால் அட்டையில் குறையில்லை. தேட வேண்டியது விண்டோஸுக்கான டிரைவரை மட்டுமே. அங்கேயும் அட்டையின் பெயரே தோன்றாவிட்டால், அதைக் கழற்றி, முனைகளைத் தேய்க்க அழிறப்பரைக் கையில் எடுக்கலாம்.