கசற்றுக் காசு யாருக்குப் போனது?

இணையத்தில் காசு கொடாமல் பாட்டு இறக்குவது களவா இல்லையா என்று ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் வாதாடியது நினைவிருக்கும். இப்போது அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. சிலர் மாதச் சந்தா கட்டுகிறார்கள், மற்றவர்கள் யூடியூப்பில் கேட்கிறார்கள். ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்றபடியால் எனக்கு அதில் ஒரேயொரு கேள்விதான்: காசு யாருடைய கைக்குப் போனது?

கதை தொடங்குவது இணையத்தில் அல்ல, கசற்றில். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் கசற்றை அறிமுகப்படுத்தியது. அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது கூடவே 'ரெக்கோடிங் பார்' என்ற கடையும் வந்தது. வெறும் கசற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், இசைத்தட்டிலிருந்து பாட்டுகளைப் பதிந்து, மட்டையில் படங்களின் பெயர்களை அழகாக எழுதித் தருவார்கள். அதைக் களவென்று ஒருவரும் நினைக்கவில்லை. 1990 இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிக் கேட்டதும் அதே கசற்றுகளைத்தான்.

அதே காலத்தில் இங்கே நடந்ததைப் பாருங்கள். 1981 இல் பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்று பெரும் பிரசாரம் தொடங்கியது. கசற்றின் கீழே இரண்டு எலும்புகளைக் குறுக்காகப் போட்ட கடற்கொள்ளையர் சின்னம்தான் அதன் அடையாளம். பிறகு அம்ஸ்ட்ராட் நிறுவனம் இரட்டைக் கசற் ரெக்கோடரை விற்கத் தொடங்கியது. ஒரு பக்கத்தில் உள்ளதை மறுபக்கத்தில் இரட்டிப்பு வேகத்தில் பதியலாம். இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1988 இல் பிரபுக்கள் சபை அம்ஸ்ட்ராட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. இயந்திரத்தை விற்பவர் அதை வைத்துச் சட்டத்தை மீற அனுமதி கொடுத்தவர் ஆகமாட்டார் என்பதே தீர்ப்பின் சாரம். வீட்டில் பிரதி எடுப்பது சட்டவிரோதமே, ஆனால் இவ்வளவு பேர் மதிக்காத சட்டத்தை ஒன்றில் திருத்தவேண்டும் அல்லது நீக்கவேண்டும் என்று ரெம்பிள்மன் பிரபு அதிலே சொல்லிவைத்தார்.

திருத்த வழி இருந்தது. ஜேர்மனி 1965 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதிவுக் கருவிகளுக்கு ஒரு சிறு கட்டணம் விதித்து, அதைக் கலைஞர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் பகிர்ந்தது. 1985 இல் வெறும் கசற்றுக்கும் அதை நீட்டியது. பிரித்தானிய அரசும் அப்படி ஒரு கட்டணத்தை ஆலோசித்துவிட்டுக் கைவிட்டது. என்னைக் கேட்டால் அது நல்ல சந்தர்ப்பம் ஒன்றைத் தவறவிட்டது.

அதனால் 1999 இல் நாப்ஸ்ரர் வந்தபோது பழைய சண்டையே புதிய உடுப்போடு வந்தது. நாப்ஸ்ரர் 2001 இல் மூடப்பட்டது, அதன் இடத்தை வேறு பல பிடித்தன. 2004 இல் இங்கே 28 பேர்மீது இசைச் சங்கம் சட்ட நடவடிக்கை தொடங்கியது. 2010 ஆம் ஆண்டின் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டம், திரும்பத் திரும்ப இறக்குபவரின் இணைப்பில் கைவைக்க இடம் கொடுத்தது. அந்த ஏற்பாடு ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. கடைசியாக 2014 ஒக்டோபரில், காசு கொடுத்து வாங்கிய இறுவட்டைச் சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்கலாம் என்று விதி வந்தது. இசைக் கலைஞர்களின் அமைப்புகள் வழக்குப் போட்டன. கலைஞர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை, ஆகவே இழப்பீடு தேவையில்லை என்ற அரசின் முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் 2015 யூலையில் அந்த விதியை இரத்துச் செய்தது. அதாவது உங்கள் சொந்த இறுவட்டை உங்கள் தொலைபேசியில் ஏற்றுவதுகூட இன்றைக்கும் இங்கே சட்டப்படி பிழைதான்!

இப்போது எங்கள் பாட்டுகளுக்கு வருவோம். கலைஞனின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். தமிழ்ச் சினிமாப் பாட்டில் அந்தக் கலைஞனுக்கு என்ன கிடைத்தது? இந்திய உச்ச நீதிமன்றம் 1977 இல் அளித்த தீர்ப்பின்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். அதாவது, ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வைக்காவிட்டால், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் படத்துக்குப் பேசிய சம்பளம் மட்டும்தான். நாங்கள் அசல் கசற்றையே வாங்கியிருந்தாலும் அந்தக் காசில் அவர்களுக்கென்று சட்டம் உறுதிசெய்த பங்கு இல்லை. 2012 இல்தான் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டு, திரையரங்குக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் இருவருக்கும் சமபங்கு உறுதியானது. கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக முன்னின்று வாதாடினார். 2017 இல் இளையராஜா எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அறிவித்தல் அனுப்பியபோது, இந்த வயதில் இவருக்குக் காசாசையா என்று கேட்டவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. இத்தனை ஆண்டுக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சினிமாவுக்காவது திரையரங்கு வசூல் இருந்தது. எங்களுக்குள்ளேயே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, இறுவட்டு வெளியிட்டவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒலிப்பதிவுக்கும் அச்சுக்கும் 2,000 பவுண். 500 இறுவட்டு, ஒன்று 5 பவுண். முதலைத் திரும்ப எடுக்கவே 400 விற்கவேண்டும். வெளியீட்டு விழாவில் நூறு போகும். அதில் ஒன்றை வாங்கியவர் வீட்டுக் கணினியில் பத்துப் பிரதி எடுத்து, "எங்கட பிள்ளை பாடினது" என்று பெருமையோடு உறவினருக்குக் கொடுப்பார். அன்பினால்தான். ஆனால் பேரேட்டில் அது நட்டப் பக்கத்தில்தான் ஏறும். சினிமாவில் பெரிய நிறுவனம் இலாபத்தில் கொஞ்சம் இழந்தது. இங்கே இரண்டாவது இறுவட்டே வரவில்லை. ஊர்விட்டு வந்த அனுபவத்தை இந்த மண்ணிலிருந்து பாடிய பாட்டுகள் பல அப்படி ஒன்றோடு நின்றுபோயின. டூட்டிங் கடைகளின் மூலையில் பழைய பெட்டிகளைக் கிளறினால் இன்னும் சில அகப்படும்.

இதில் எங்கள் வானொலிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த நாட்டில் வானொலிகள் இரண்டு இடங்களுக்குப் பணம் கட்டுகின்றன. ஒன்று பி.ஆர்.எஸ்.; பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்குமானது. மற்றது பி.பி.எல்.; பதிவின் உரிமையாளருக்கும் பாடியவர், வாசித்தவருக்குமானது. ஆனால் அங்கே பதிந்து வைத்தவருக்குத்தான் பங்கு வரும், பாட்டின் விவரமும் சரியாக இருக்கவேண்டும். எங்களிடம் உள்ள உள்ளூர் இறுவட்டுகள் பலவற்றில் பாடியவர் பெயர் மட்டும் இருக்கிறது. சிலவற்றில் 'பாட்டு 1, பாட்டு 2' என்று மட்டும்.

உங்கள் வீட்டில் இலண்டனில் வெளிவந்த தமிழ் இறுவட்டு இருந்தால், மட்டையோடு கொண்டுவாருங்கள். மட்டை தொலைந்திருந்தால், எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். நீங்களே பாடியவராகவோ எழுதியவராகவோ இருந்தால், பதிவுப் படிவம் நிரப்ப நான் உதவி செய்கிறேன். கட்டணம் இல்லை.