மென்ஃபோக்: யாருடைய ஆண்கள்?

'மென்ஃபோக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஆண்கள்' என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது வழக்கம். அது பாதிப் பொருள்தான். 'மென்' பாலைச் சொல்கிறது. 'மென்ஃபோக்' உறவையும் சேர்த்துச் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். கழிப்பறைக் கதவில் 'மென்' என்று எழுதுவார்கள். 'மென்ஃபோக்' என்று எழுதமாட்டார்கள். ஒரு மருந்தை 200 ஆண்களுக்குக் கொடுத்துச் சோதித்ததாக எழுதும் மருத்துவரும் இச்சொல்லைத் தொடமாட்டார். ஆனால் கடற்கரைக் கிராமத்துப் பெண் ஒருத்தி 'எங்கள் மென்ஃபோக் கடலுக்குப் போயிருக்கிறார்கள்' என்னும்போது சொல் தன் இடத்தில் பொருந்திவிடுகிறது. 'எங்கள்', 'அவர்களுடைய', 'அந்த ஊரின்' என ஏதேனும் ஓர் உடைமைச் சொல் பெரும்பாலும் முன்னே நிற்கும். நிற்காவிட்டாலும் எந்த வீடு, எந்த ஊர் என்பது பேச்சிலேயே தெரிந்திருக்கும். வடிவில் ஒருமைபோலத் தோன்றினாலும் அது பன்மை வினையே கொள்ளும். தனியொருவனை இச்சொல்லால் சுட்ட முடியாது. எண்ணுப்பெயரும் இதனோடு இயல்பாக ஒட்டுவதில்லை. அமெரிக்க வழக்கில் 'மென்ஃபோக்ஸ்' என்ற வடிவமும் உண்டு.

இந்த இயல்பு எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்பது முதன்மையாக மனிதரைக் குறித்த பொதுப்பெயர். ஆணுக்கு 'வெர்' என்ற தனிச்சொல் இருந்தது. லத்தீன் 'விர்' இதன் உறவுச்சொல். பெண்ணுக்கு 'வீஃப்'. 'வீஃப்மன்' என்ற கூட்டுச்சொல்தான் திரிந்து இன்றைய 'வுமன்' ஆயிற்று. ஆணை விதந்து சொல்ல 'வேப்னெட்மன்', அதாவது ஆயுதமுடைய மனிதர், என்ற சொல்லும் வழங்கியது. பிறகு 'வெர்' வழக்கொழிந்தது. 'வேர்வுல்ஃப்', 'வேர்ல்ட்' ஆகிய சொற்களின் முதற்பகுதியாக அது இன்றும் ஒளிந்திருக்கிறது என்பதை ஆங்கிலம் பேசுவோரே பலர் அறியார். மனிதர், ஆண் என்ற இரண்டு சுமையும் 'மன்' தலையில் விழுந்தன. இன்று மனித குலத்தைக் குறிக்கும் 'மேன்கைண்ட்' கூட, 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் லேவியர் நூலில் ஆண்பாலை மட்டும் குறித்து வருகிறது. 'மென்ஃபோக்' இந்த இரட்டைப் பொருளுக்குள் சிக்கவில்லை. பெண்களை உள்ளடக்கி அது வழங்குவதில்லை.

உறவுப் பொருளைக் கொண்டுவந்தது பின்பாதி. 'ஃபோக்' என்பதும் பழைய ஆங்கிலச் சொல்லே. மக்கள், இனம், படை என்றெல்லாம் அது பொருள்பட்டது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த 'பீப்பிள்' பொதுவழக்கைப் பிடித்துக்கொண்டது. 'ஃபோக்' சுற்றம், ஊர் என்ற நெருக்கமான வட்டத்துக்குள் ஒதுங்கியது. 'கின்ஃபோக்', 'டவுன்ஸ்ஃபோக்' ஆகியவற்றில் இந்த நெருக்கம் தெரிகிறது. 1846இல் வில்லியம் தாம்ஸ் 'ஃபோக்லோர்' என்ற சொல்லை உருவாக்கியபோது அதில் மரபின் வாசனையும் ஏறியது.

இச்சொல்லின் இணை 'விமின்ஃபோக்'. ஒரு வீட்டை, ஊரை ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வாழ்க்கைமுறை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. வயலுக்கோ சுரங்கத்துக்கோ போருக்கோ போனவர்கள் ஒரு பக்கம், வீட்டில் இருந்தவர்கள் மறுபக்கம். அந்தப் பிரிவினை தளர்ந்தபோது சொல்லும் பழசாயிற்று என்பது என் முடிவு. கற்போருக்கான அகராதிகள் அதைப் பழைய வழக்கு என்று குறிப்பது வெறும் ஒலிப்பழமையால் அல்ல.

தமிழாக்கத்தில் தவறு நேர்வதும் இந்த இடத்தில்தான். 'ஆடவர்' பொருந்தாது, 'ஆடவர் ஒற்றையர் பிரிவு' என்று விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறோமே, அங்கே 'மென்ஃபோக்' வரவே வராது. 'ஆண்மக்கள்' பகுதிக்குப் பகுதி அச்சாக ஒத்திருக்கிறது, ஆனால் இன்றைய வாசகர் அதை மகன்கள் என்றே படிப்பார். 'எங்க வீட்டு ஆம்பளைங்க' என்ற பேச்சு வழக்குதான் மிக அருகில் வருகிறது. அதில் வீடும் இருக்கிறது, சொல்பவரின் இடமும் இருக்கிறது. இருமொழி அகராதி தொகுப்போர் இந்தப் பதிவில் 'ஆண்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'ஒரு குடும்பத்தின் அல்லது ஊரின் ஆண்கள், பழைய வழக்கு, பன்மை' என்று எழுத வேண்டும்.