கடற்கரைப் பள்ளியும் கரையோரப் பயணங்களும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் வரை கடலையொட்டிச் செல்லும் நெடுஞ்சாலையிலே உல்லாசப் பிரயாணிகள் பலர் செல்வதை இன்று காணலாம். அறுகம்பையின் அலைகளில் ஏறி விளையாட விழையும் அவர்களுள் பெரும்பாலோர், இடையிலுள்ள கல்முனையை ஊர்தியின் யன்னல் வழியாகவே பார்த்துச் செல்கின்றனர். நெருக்கமான ஒரு கடைத்தெரு வந்தது, போயிற்று என்ற அளவிலே அவ்வூர் அவர்கள் நினைவில் நின்றுவிடுகிறது. ஆனால், நேயர்களே, இக்கரையிலே விடுதிகள் எழுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே மக்கள் இங்கு ஒரு நாட் பயணம் வந்து போயினர். அவர்கள் எங்கே சென்றனர், எதன் பொருட்டுச் சென்றனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனையின் மேற்குப் புறம் வரை நீண்டு கிடக்கிறது. கல்லடியில் 1924 ஆம் ஆண்டிலே பாலம் அமையும் வரை, நகரிலிருந்து தென்கரைக்கு வருவோர் தோணியை நம்பியே வந்தனர். 1928 ஆம் ஆண்டிலே புகைவண்டி மட்டக்களப்பை அடைந்தது. எனினும் அதன் இருப்புப்பாதை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குத் தெற்கேயுள்ள ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தை வண்டிமாடுகளும், பிற்காலத்தில் பஸ் வண்டிகளுமே கடந்தன. ஆகவே பயணம் என்பது இப்பகுதியாருக்குப் பொழுதுபோக்கு அன்று. நேர்ச்சை செலுத்தவும், உறவினரைக் காணவும், அறுவடை முடிந்த கையோடு சாமான்கள் வாங்கவும் புறப்பட்டனர். காட்சியின்பம் இவற்றோடு ஒட்டி வந்தது.

இனி ஊரைப் பார்ப்போம். கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரவரை 1626 ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பு நாட்டிலே குடியேற்றினான் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதி வைத்துள்ளார். அதற்கு முன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதே பொதுக் கருத்து. எவ்வாறாயினும், மேற்கே நெல்வயலும் கிழக்கே கடலும் நெருக்க, நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றிடரில் வீட்டோடு வீடு ஒட்டி எழுந்த ஊர் கல்முனைக்குடி. இங்கு வாழும் முஸ்லிம்களும் அயலிலுள்ள தமிழரும் தாய்வழியாக வரும் குடிகளைப் பேணுவோர். மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்குச் சென்று வாழ்வதும் இரு சாராருக்கும் பொதுவான வழக்கங்கள். இதனால் வேற்றூரில் மணம் புரிந்த ஆண்மக்கள் தம் தாய்வீட்டைக் காண வரும் நாள்களே ஊரின் திருநாள்கள் ஆயின. அவற்றுள் தலையாயது கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம்.

அலையோசை கேட்கும் தூரத்திலே, மணலின் மீது நிற்கும் இப்பள்ளி, நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்தது. பெரியாரின் உடல் இங்கு இல்லை. அவர் நினைவே இங்குள்ளது. ஹிஜ்ரி ஆண்டின் ஆறாம் மாதமாகிய ஜமாதுல் ஆகிர் பிறந்ததும், ஊரின் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடி ஊர்வலமாக எடுத்து வரப்பெற்று, இங்குள்ள மினாராவில் ஏற்றப்படுகிறது. பன்னிரண்டு நாள்கள் ஓதலும் கூட்டமும் நிறைந்திருக்கும். இறுதியில் கந்தூரிச் சோறு வழங்கப்படும். இச்சடங்குகள் மார்க்கத்துக்கு இசைந்தனவா என்பதில் முஸ்லிம்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு; அதனை ஆராய்வது இப்பேச்சின் வேலையன்று. சந்திர மாதத்தைப் பின்பற்றுவதால் விழா ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. கடல் சீறும் மாரியிலும், அது குளம்போல் கிடக்கும் கோடையிலும் இவ்விழாவைக் காணும் பேறு நீண்ட ஆயுளுடையோர்க்குக் கிட்டும்.

இருநூறாவது கொடியேற்றம் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நடைபெற்றது. ஊரார் வைத்துள்ள இக்கணக்கை ஹிஜ்ரி ஆண்டுகளாகக் கொண்டு பின்னோக்கி எண்ணினால், முதற் கொடி ஏறியது 1828 ஆம் ஆண்டின் இறுதி என்று வருகிறது. அதே ஆண்டிலேதான் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்காவின் கட்டட வேலை தொடங்கி, 1830 இல் முடிந்தது. பினாங்கிலும் அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அப்பெயரில் ஒரு தர்கா இருந்தது. இவை தற்செயலாகத் தோன்றியவை அல்ல. சோழமண்டலக் கரையின் மரக்கலத்தார் துணியும் அரிசியும் ஏற்றிச் சென்ற துறைதோறும், கடலில் காப்பவர் என்று தாம் நம்பிய பெரியாரின் நினைவையும் உடன் கொண்டு சென்றனர். ஓட்டை விழுந்த ஒல்லாந்தக் கப்பலொன்றை அவர் காத்தருளினார் என்பது நாகூரில் வழங்கும் கதை. நாகூரிலுள்ள 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டுவித்தவரோ தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர். சிங்கப்பூர் தர்காவும் ஒரு காலத்தில் கடலைப் பார்த்தே நின்றது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் அது இன்று நகரின் நடுவிலே அகப்பட்டுக்கொண்டது. கல்முனைக்குடிப் பள்ளிக்கு அத்தகைய நிலை நேரவில்லை. அதன் கவலை வேறு வகையானது. அதைப் பின்னர் கூறுவேன்.

இவ்வூரைத் தங்குமிடமாகக் கொண்டு வடக்கே ஒரு நாள் செல்லலாம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயம் இருக்கிறது. பாரதக் கதையைப் பதினெட்டு நாட் சடங்காகவே நடத்தி, ஈற்றில் தீ மிதிக்கும் இடம் அது. அதனை அடுத்தது மருதமுனை, கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். சாறனும் சேலையும் நெய்யும் தறியொலி முன்போல் இல்லை என்று முதியோர் வருந்துவர். எனினும் தறிகள் இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

தெற்கே சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் கடந்தவுடன் காரைதீவு வருகிறது. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆந் திகதி பிறந்த ஊர் இது. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலே கற்ற இம்மாணவர், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 1947 ஜூன் மாதத்தில் யாழ் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தார். சிலப்பதிகாரத்திலே யாழைத் தேடிய அறிஞர், கண்ணகி கோயிலை உடைய ஊரிலே பிறந்தது பொருத்தமே. வைகாசியில் கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடும் மரபை, ஏட்டிலே படிப்பதைவிடக் காரைதீவிலே நேரிற் கேட்பது மேல் என்பது என் எண்ணம்.

ஓர் ஊர் தமிழர், அடுத்தது முஸ்லிம், மீண்டும் தமிழர் என்று மாலை தொடுத்தாற்போல் அமைந்த கரை இது. அயலூர் விழாவுக்குச் செல்வது முன்பு இயல்பான செயல். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே அது அஞ்சத்தக்க செயலாயிற்று. அரைக் கட்டைத் தொலைவிலுள்ள ஊரெல்லையைக் கடக்கவும் தயங்கினர். அக்காலத்துள்ளேயே, 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலையிலே கடல் எழுந்து வந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என எவ்வூரையும் அது வேறுபாடு காட்டி விடவில்லை. பின்னர், கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. வயலுக்கும் கடலுக்கும் இடையே நெருங்கிய இவ்வூரார், பின்வாங்கிச் செல்வதற்கு நிலமின்றித் திகைத்தனர். அவ்விதி பிற்பாடு தளர்த்தப்பட்டது.

நீண்ட பயணத்தை விரும்புவோர் அதிகாலையிலே புறப்பட்டு, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தெற்கேயுள்ள பொத்துவிலுக்குச் செல்லலாம். வழியிலே உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் தீகவாபித் தாதுகோபம். கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டிலே சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியது என்று கூறுவர். பொத்துவிலின் மணல்மேடுகளிடையே முகுது மகா விகாரையின் இடிபாடுகள் உள்ளன. கடலிலே விடப்பட்ட விகாரமகாதேவி கரையேறிய இடம் அதுவே என்பது ஒரு சாராரின் மரபு; தென்மாகாணக் கிரிந்தையாரும் அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதில்லை.

திரும்பும் வழியில் ஒலுவிலில் இறங்குவது நன்று. அங்குள்ள வெளிச்சவீட்டையும், 1995 இல் நிறுவப்பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் பலரும் பார்ப்பர். நான் காணச் சொல்வது துறைமுகத்தை. 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பெற்ற அதன் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. இக்கரையிலே மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதனைத் தடுத்துவிட்டது. தென்புறத்தில் மணல் குவிந்தது. வாயிலும் தூர்ந்து மீன்பிடிப் படகுகள் இடர்ப்பட்டன. வரவேண்டிய மணலை இழந்த வடகரையைக் கடல் அரித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நிந்தவூருக்கு வடக்கே காரைதீவு, அதன் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், அவற்றுக்கு அப்பால் கடற்கரைப் பள்ளி. கொடியேற்றத்துக்குச் செல்வோர் மினாராவை அண்ணாந்து பார்த்தபின், பள்ளியின் மதிலுக்கும் அலைக்கும் இடையே எத்தனை அடி மணல் எஞ்சியிருக்கிறது என்பதையும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.