கணினி இடாப்பின் கதை

பாடசாலை அதிபரின் அலுவலகத்திலே எத்தனையோ ஏடுகள் உண்டு. அவற்றுள் தலையாயது மாணவர் சேர்வு இடாப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பாடசாலையை விட்டு நீங்கிய ஒருவர் தமது விடுகைப் பத்திரத்தை நாடி வருவாராயின், அவ்விடாப்பைப் புரட்டி வேண்டியதை எழுதிக் கொடுத்துவிடலாம். தாள் பழுத்திருக்கும், மை மங்கியிருக்கும், ஆயினும் அதனை வாசிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கணினியில் எழுதப்படும் இடாப்புக்கும் இத்தகைய ஆயுள் உண்டா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் தரவுத்தள மென்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் கொட் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் திருப்புமுனை. தரவுகளை நிரையும் நிரலுமாக அமைந்த அட்டவணைகளில் வைத்து, அவற்றைத் தம்முள் தொடர்புபடுத்தலாம் என்பது அவர் கொள்கை. மாணவன் பெயர் ஓர் அட்டவணையில் இருக்கும். அவன் பெற்ற புள்ளிகள் மற்றொன்றில் இருக்கும். சேர்விலக்கம் இரண்டையும் இணைக்கும். எனினும் அக்காலத்தில் இது பெருங்கணினிகளை உடையோருக்கே உரிய பொருளாயிருந்தது.

அதனைச் சாதாரண மக்களின் மேசைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் வெயின் ரட்லிஃப். கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துதல் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய அவர், காற்பந்துப் போட்டி முடிவுகளை ஊகித்து விளையாடும் பந்தயமொன்றிற் கணக்குப் பார்க்கவே தமது சிறு கணினிக்கு ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினாராம். ஆய்வுகூடத்தின் பெருங்கணினியில் இருந்த ஒழுங்கொன்றே அதற்கு முன்மாதிரி. அம்மென்பொருளை ஆஷ்டன் டேட் என்னும் நிறுவனம் 'டீபேஸ் இரண்டு' என்ற பெயரில் 1980களின் தொடக்கத்தில் விற்றது. 'ஒன்று' என்பது இருந்ததேயில்லை! விலையோ 695 டொலர்.

பொருள் வளர வழக்கும் வளர்ந்தது. போட்டி நிறுவனமாகிய பொக்ஸ் மீது ஆஷ்டன் டேட் 1988இல் வழக்குத் தொடுத்தது. டீபேஸ் பொதுவுடைமையான முன்மாதிரியிலிருந்து பிறந்ததை மறைத்தமையால் அதன் பதிப்புரிமை செல்லாது என 1990இல் நீதிபதி தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டிலே அத்தீர்ப்பு மீளப் பெறப்பட்டது. 1991இல் ஆஷ்டன் டேட் போர்லண்ட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1992இல் பொக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தனது 'அக்சஸ்' மென்பொருளையும் வெளியிட்டது. பொக்ஸ் வழிவந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இல்லையென 2007இல் அறிவிக்கப்பட்டது. அதற்கான ஆதரவு 2015இல் முற்றாக நின்றது.

இதற்கிடையில் வேறொரு நெறியும் தோன்றியது. மூலநிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் விடுவதே திறந்த மூல நெறி. 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் 'எஸ்கியூலைட்' என்ற தரவுத்தளப் பொறியை ஆக்கி, அதனை எவ்வித உரிமையும் கோராது உலகுக்கு விட்டார். இன்று நம் கைத்தொலைபேசிகளுக்குள் ஓசையின்றி உழைப்பது அதுவே. 2005இல் 'ஓப்பின் ஒபிஸ்' தொகுதியின் இரண்டாம் பதிப்பிலே 'பேஸ்' என்னும் தரவுத்தளப் பகுதி இடம்பெற்றது. 2010இல் அதிலிருந்து கிளைத்த 'லிப்ரே ஒபிஸ்' தொகுதியிலும் அது தொடர்கின்றது.

இவ்விரண்டுள் எது சிறந்தது? நடுநின்று நோக்கின், வசதியில் அக்சஸே முந்தி நிற்கின்றது. படிவம் அமைத்தலும் அறிக்கை அச்சிடுதலும் அதில் எளிது. கற்பிக்கும் நூல்களும் மிகுதி. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தல் வேண்டும். விண்டோஸ் கணினியிலன்றி அது இயங்காது. ஒரு கோப்பு இரண்டு கிகாபைற்றுக்கு மேல் வளரவும் இயலாது. பேஸ் இலவசம், லினக்ஸ், மாக் கணினிகளிலும் இயங்கும். ஆயினும் அதனைப் பழகப் பொறுமை வேண்டும். அதன் சில பகுதிகளுக்கு ஜாவா என்ற துணைமென்பொருளும் தேவை.

ஆனால் வரலாறு உணர்த்தும் பாடம் இதனினும் ஆழமானது. டீபேஸைப் பெரும்புகழுக்கு உயர்த்திய நிறுவனம் மறைந்தது. அதன் கோப்பின் அமைப்போ யாவரும் அறிந்ததாகையால், அக்கோப்பை லிப்ரே ஒபிஸ் இன்றும் திறக்கின்றது. அக்சஸின் உரிமையாளரோ இன்றும் செழிப்புடன் இருக்கின்றார். இருந்தும், 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதிய கோப்பை 2013ஆம் ஆண்டுப் பதிப்பு திறக்க மறுத்துவிட்டது. அதனைத் திறக்க இடைக்காலப் பதிப்பொன்றைத் தேடி, புதிய அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆதலின் நேயர்களே, விலைக்கு வாங்கினும் இலவசமாய்ப் பெறினும், மென்பொருளைத் தெரியுமுன் ஒன்றைக் கேளுங்கள்: 'இம்மென்பொருள் இல்லாத நாளிலும் என் தரவை நான் வாசிக்க இயலுமா?' ஆண்டுக்கொரு முறையேனும் உங்கள் அட்டவணைகளை வெறும் எழுத்துக் கோப்பாகப் பெயர்த்து வேறிடத்திற் சேமித்து வையுங்கள். இன்றியமையாதவற்றை அச்சிட்டும் வையுங்கள். நாற்பது ஆண்டு கழித்து நம் வாயிலில் வந்து நிற்பவர், எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்கமாட்டார். தம் பெயர் அங்கு உண்டா என்றே கேட்பார்.