பம்பாயின் பங்கு மோகமும் பொருள் வரைதல் விரதமும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது பொருள் வரைதல். பரிக்கிரக பரிமாணம் என்று வடமொழி நூல்கள் இதனைக் கூறும். பொருளீட்டுவதை இவ்விரதம் தடுப்பதில்லை. நிலம், மனை, பொன், தானியம் முதலியவற்றுக்கு ஓர் அளவை முன்னரே வகுத்துக்கொண்டு அதற்குள் நிற்கச் சொல்கிறது. ஒரு முதலீடு தகுமா, தகாதா என்று ஆராயும் இல்லறத்தானுக்கு இவ்விரதம் எத்துணைப் பயன்படும் என்பதைப் பம்பாயில் 1865-ஆம் ஆண்டு நேர்ந்த பெருவீழ்ச்சி உணர்த்தும். அவ்வீழ்ச்சியின் நடுவில் நின்றவரும் ஒரு சமண வணிகரே.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அதுவரை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியின் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தே சென்றது. வடமாநிலங்கள் துறைமுகங்களை அடைத்ததும் அவ்வரத்து நின்றது. ஆலை முதலாளிகள் இந்தியப் பருத்தியை நாடினர். விலை பன்மடங்கு ஏறியது. போர் நடந்த நான்காண்டுகளில் பம்பாய்க்கு வழக்கமான வருவாய்க்கு மேல் 7 கோடி பவுனுக்கும் அதிகமான செல்வம் வந்து சேர்ந்தது.

இச்செல்வம் தங்குவதற்கு இடம் தேடியது. பம்பாயோ இடநெருக்கடி மிக்க தீவு. ஆதலின் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டங்கள் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. புதிய நிறுவனங்கள் நாள்தோறும் முளைத்தன. 1864-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் 31 வங்கிகளும், 20 காப்பீட்டு நிறுவனங்களும், 8 நில நிறுவனங்களும் இருந்தன. அவற்றுட் பலவற்றுக்குப் பெயரும் பங்குப் பத்திரமும் அன்றி வேறு தொழில் இல்லை.

இக்காலத்தில் பங்குச் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கியவர் பிரேம்சந்த் ராய்சந்த். 1831-இல் சூரத்தில் பிறந்த இவர் பருத்தித் தரகிலும் பங்குத் தரகிலும் ஒப்பற்றவராய் உயர்ந்தார். ஐரோப்பாவுடன் தந்தித் தொடர்பு 1865-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் லிவர்பூல் சந்தையின் விலை நிலவரம் கப்பலில்தான் வரவேண்டும். வரும் கப்பலை நடுக்கடலிலேயே எதிர்கொள்ளப் படகுகளை அனுப்பி, பிறர் அறியுமுன் பிரேம்சந்த் அந்நிலவரத்தை அறிந்துகொண்டார் என்பர். புதிய நிறுவனங்களின் பங்குகள் யாருக்குச் செல்லவேண்டும் என்பதும் பெரும்பாலும் அவர் விருப்பப்படியே நடந்தது.

அந்நாளில் எல்லாரும் விரும்பியது பேக் பே நிலமீட்பு நிறுவனத்தின் பங்கு. மலபார் குன்று தொடங்கிக் கொலாபா வரையுள்ள கடற்கரையைத் தூர்ப்பது அதன் நோக்கம். 5,000 ரூபாய் செலுத்திய ஒரு பங்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் வரை விலைபோயிற்று. தூர்க்க வேண்டிய நிலமோ இன்னும் நீருக்கடியில் கிடந்தது. தூர்க்க எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டு செல்லும், மனைகளை யார் என்ன விலைக்கு வாங்குவர் என்னும் வினாக்களைக் கேட்பார் அரியர். வாங்கியவர் நிலத்தை நம்பி வாங்கவில்லை. தம்மைவிட அதிக விலைக்கு வாங்க நாளை இன்னொருவர் வருவார் என்று நம்பி வாங்கினர்.

வங்கிகளும் இந்நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தன. அரசும் பங்குதாரராய் இருந்த பம்பாய் வங்கி, பங்குப் பத்திரங்களையே ஈடாகக் கொண்டு கடன் வழங்கியது. அக்கடனைக்கொண்டு மேலும் பங்குகள் வாங்கப்பட்டன. இவ்வாறு விலையேற்றம் கடனுக்கும், கடன் விலையேற்றத்துக்கும் முட்டுக்கொடுத்து நின்றன.

1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். அச்செய்தி பம்பாயை எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. முன்பேர ஒப்பந்தங்களைத் தீர்க்கவேண்டிய நாளாகிய ஜூலை 1 வந்தபோது, வாங்குவதாக ஒப்பியவரிடம் பணம் இல்லை. பேக் பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2,850 ரூபாய் வரை ஏறியிருந்த பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. அவ்வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது. கடனின்றி வாழ்ந்த குடும்பங்களும் நொடித்தன. பிரேம்சந்தும் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

எனினும் கடலைத் தூர்க்கும் தொழிலே பொய்த்தொழில் என்று கொள்ளுதல் பொருந்தாது. அதே நகரின் கிழக்குக் கரையில் எல்பின்ஸ்டன் நிறுவனம் நிலமீட்புப் பணியைச் செய்தது. இருப்புப்பாதைக்கு 100 ஏக்கர் நிலம் அமைத்துத் தருவதாக அரசுடன் அது உடன்படிக்கை செய்திருந்தது. கப்பல் சரக்கு இறக்கும் துறைகளையும் கிடங்குகளையும் கொண்டிருந்தது. அதன் பங்கு விலையும் மோகத்தில் ஏறி வீழ்ச்சியில் இறங்கியதே. ஆனால் சொத்து நிலைத்தது. 1870-இல் அரசு அதனை விலைக்கு வாங்கியது. 1873-இல் அமைந்த பம்பாய்த் துறைமுகக் கழகத்துக்கு அது அடிப்படையாயிற்று. பயன்படுத்துவோர் உள்ள நிலத்துக்கும், விற்பதற்கென்றே வாங்கிய பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும்.

சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் பொருள் வரைதலுக்கு ஐந்து அதிசாரங்களைக் குறிப்பிடுகிறது. அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம் என்பன அவை. அளவு கடந்து செலுத்துதல், அளவு கடந்து சேர்த்தல், அளவு கடந்து வியத்தல், அளவு கடந்து விரும்புதல், அளவு கடந்து சுமை ஏற்றுதல் என அவற்றைத் தமிழில் கூறலாம். பம்பாயின் கதையில் இவை ஐந்தும் உண்டு. சிறப்பாக, பிறர் பெற்ற ஆதாயத்தைக் கண்டு மலைக்கும் அதிவிஸ்மயமே எளிய குடும்பங்களைச் சந்தைக்கு இழுத்து வந்தது. தாங்க இயலாத கடனாகிய அதிபாரமே அவர்களை வீழ்த்தியது.

இந்நாளில் பூர்விக நன்செயை விற்ற பணம் புறநகர் மனைப்பிரிவுகளுக்கும், இளைஞர் தொடங்கும் புதிய நிறுவனங்களுக்கும், மென்பொருள் தொழில்களுக்கும் செல்கிறது. அத்தகைய முதலீட்டை எண்ணும் குடும்பம் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். இதன் வருவாய் வாடகை, விளைச்சல், வாடிக்கையாளர் தரும் விலை ஆகியவற்றிலிருந்து வருகிறதா, அடுத்து வாங்குபவரிடமிருந்து மட்டும் வருகிறதா? இன்றைய ஆதாயம், பருத்திக்குப் போர் அமைந்ததுபோல், ஒருநாள் நீங்கும் காரணத்தால் வந்ததா? முழுவதும் இழந்தாலும் இல்லறமும் மக்கள் கல்வியும் குலையாத அளவுக்குள் இத்தொகை அடங்குமா? மூன்றாம் வினாவுக்கு விடை பொருள் வரைதலில் இருக்கிறது. எல்லையை விலை ஏறும் நாளில் வகுக்க இயலாது. முன்னரே வகுத்திருக்க வேண்டும்.

பிரேம்சந்த் மீண்டும் உழைத்து வணிகம் செய்து 1906-இல் மறைந்தார். செல்வம் பெருகியிருந்த 1864-ஆம் ஆண்டிலேயே அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு 2 இலட்சமும், மணிக்கூண்டுக்கு 2 இலட்சமும் ஈந்திருந்தார். 1878-இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரம் அவருடைய அன்னையின் பெயரால் இராஜாபாய் கோபுரம் என்று வழங்குகிறது. கண்பார்வை இழந்த அவ்வம்மையார் கதிர் மறையுமுன் உணவு கொள்ளும் நியமத்தைக் காக்க மணியோசை உதவியது என்று வழிவழியாகச் சொல்வர். பேக் பே பங்குகள் காகிதமாய்ப் போயின. தானமாக அளித்த பொருளோ நூலகமாகவும் கோபுரமாகவும் இன்றும் நிற்கிறது.