ஷரீஃபில் நான்கு ஆண்டுகள்: ஒரு கணித மாணவியின் வரலாறு

முஸ்லிம்களின் கணித வரலாற்றைப் பேசத் தொடங்கினால் நம்மவர் பேச்சு பெரும்பாலும் பக்தாதில் தொடங்கிப் பக்தாதிலேயே முடிந்துவிடுகிறது. அல்ஜீப்ரா என்னும் சொல் அல்-குவாரிஸ்மீயின் நூல் தலைப்பிலிருந்து பிறந்தது என்பது நம் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம். அதே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, "நான் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கப்போகிறேன்" என்று சொன்னால் வீடு சற்று நேரம் அமைதியாகிவிடும். "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கவில்லையா?" என்று மாமி கேட்பார். சொன்னது பெண்பிள்ளை என்றால் வாப்பா ஒருவாறு ஆறுதல் அடைவார். டீச்சர் வேலைக்காவது ஆகுமே என்று.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பெருமை நமக்கு எளிதாக இருக்கிறது. நிகழ்காலத்தில் ஒரு பிள்ளை நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து கணிதம் படிப்பதுதான் நமக்குப் புரியாத செயலாக இருக்கிறது. அந்த ஆண்டுகளில் என்னதான் நடக்கிறது? நம் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஓர் ஈரானிய மாணவியின் கல்லூரி நாள்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டு சியோல் நகரில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மர்யம் மிர்ஸாகானீயைத்தான் சொல்கிறேன். 1936 முதல் வழங்கப்பட்டுவரும் அப்பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர். பதக்கத்தைப் பற்றி அன்று எல்லா ஏடுகளும் எழுதின. அவர் தெஹ்ரானில் இளநிலைப் பட்டம் படித்த காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மர்யம் 1977ஆம் ஆண்டு மே மாதம் தெஹ்ரானில் பிறந்தார். தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் ஈராக்குடன் போர். 1988இல் போர் ஓய்ந்தபோது அவர் நடுநிலைப் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டியிருந்தார். சிறுவயதில் அவருக்கு இருந்த ஆசை எழுத்தாளர் ஆவது. திறமையுள்ள மாணவிகளுக்கான ஃபர்ஸானெகான் பள்ளியில் ரோயா பெஹஷ்தீ என்னும் தோழி கிடைத்தார்; இருவரும் பள்ளிக்கு அருகிலிருந்த புத்தகக் கடைகளில் ஏறி இறங்கிக் கண்ட நூல்களையெல்லாம் வாங்கினார்கள். கணிதத்தில் அந்த முதல் ஆண்டு அவர் சோபிக்கவில்லை. ஒரு தேர்வில் இருபதுக்குப் பதினாறு வந்ததும் விடைத்தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்துவிட்டு, இனி முயலவே போவதில்லை என்றாராம். இதைப் பிற்காலத்தில் சொன்னவர் ரோயாதான். மறு ஆண்டு வேறொரு ஆசிரியர் வந்தார், ஊக்கப்படுத்தினார், நிலைமை மாறியது. (இருபதுக்குப் பதினாறு நம் வீட்டில் அடிவிழும் மதிப்பெண் அல்ல, ஆனால் உடனிருந்த தோழியர் அதைவிடக் கூடுதலாக வாங்கும்போது பதினாறும் வலிக்கத்தான் செய்யும்.)

உயர்நிலை வகுப்புக்கு வந்தபின் இரு தோழியரும் தலைமையாசிரியையிடம் சென்று, ஆண்கள் பள்ளியில் நடப்பதுபோல் தங்களுக்கும் கணக்குத் தீர்க்கும் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். ஈரானின் கணித ஒலிம்பியாட் அணியில் அதுவரை பெண்பிள்ளை எவரும் இடம்பெற்றதில்லை. அதனாலென்ன என்ற அந்த அம்மையார் வகுப்பை ஏற்பாடு செய்துகொடுத்தார். 1994இல் ஹாங்காங்கில் நடந்த பன்னாட்டு ஒலிம்பியாடில் மர்யம் 42க்கு 41 பெற்றுத் தங்கம் வென்றார். மறு ஆண்டு டொராண்டோவில் 42க்கு 42.

அவர் தேர்ந்தெடுத்த ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதையையும் சிறிது சொல்லியாக வேண்டும். 1966இல் மன்னர் ஷாவின் பட்டப்பெயரைத் தாங்கி ஆர்யமெஹ்ர் பல்கலைக்கழகம் என்று தொடங்கப்பட்டது அது. புரட்சிக்குப் பின் பெயர் மாறியது. 1975இல் கொல்லப்பட்ட அதன் முன்னாள் மாணவர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது. 1980இல் கலாசாரப் புரட்சி என்ற பெயரில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. மீண்டும் படிப்படியாகத் திறக்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. பிறகும் ஐந்தாண்டுகள் போர் நீடித்தது. ஆக, 1995இல் மர்யம் சேர்ந்த கணிதத் துறை, பூட்டுத் திறந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆன துறை. வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய சில ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் இக்கட்டுரையில் முக்கியமாகக் கருதுகிறேன்: விடை தெரியாத கேள்விகளைப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள்.

பள்ளிக் கணக்குக்கும் ஒலிம்பியாட் கணக்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் விடை ஏற்கெனவே யாரோ ஒருவர் மேசையில் இருக்கிறது. ஒலிம்பியாடில் நான்கரை மணி நேரத்தில் மூன்று கணக்குகள்; மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். பல்கலைக்கழகக் கணிதம் அப்படிப்பட்டதன்று. "இது உண்மையா?" என்பதே முதலில் தெரியாது. உண்மை என்று தோன்றினால் நிரூபிக்க வேண்டும். பொய் என்று தோன்றினால் ஓர் எதிர்க்காட்டு காட்ட வேண்டும். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை கல்லூரிக் கணிதத்தின் முதல் பருவத்தில் தடுமாறுவது இதனால்தான். பெற்றோர் இதை அறிந்துகொண்டால், அந்தத் தடுமாற்றத்தைத் தோல்வி என்று எண்ணிப் பிள்ளையைத் துறை மாற்ற ஓடமாட்டார்கள்.

ஷரீஃபின் பேராசிரியர் இபாதுல்லாஹ் மஹ்மூதியான் 1994 கோடையில் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் கோட்டுருவியல் கற்பித்தார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் துறை அது. ஒரு குறிப்பிட்ட வகைக் கோட்டுருவை, ஐந்து புள்ளிகளைச் சுற்றிவரும் வளையங்களாக மிச்சமின்றிப் பிரிக்க முடியுமா என்பது கேள்வி. புதிய எடுத்துக்காட்டு ஒன்றுக்கு ஒரு டாலர் பரிசு என்று அறிவித்தார். மர்யம் ஒன்றிரண்டு அல்ல, முடிவில்லாத எண்ணிக்கையில் எடுத்துக்காட்டுகளைத் தரும் முறையையே கொண்டுவந்துவிட்டார். அந்தக் கணக்கில் ஆசிரியர் எவ்வளவு டாலர் கடன்பட்டார் என்று கேட்கக் கூடாது! அவ்வாய்வு 1995இல் ஆசிரியர், மாணவி இருவர் பெயரிலும் வெளிவந்தது.

மறு ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், அவர் தனித்தே ஒரு கட்டுரை வெளியிட்டார். நாட்டுப் படத்தில் அடுத்தடுத்த மாவட்டங்கள் ஒரே நிறமாக அமையாமல் வண்ணம் தீட்ட நான்கு நிறங்கள் போதும் என்று 1976இல் நிறுவப்பட்டது நாம் அறிந்ததே. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தனிப் பெட்டி கொடுத்து, அவரவர் பெட்டியில் உள்ள நான்கு நிறங்களுள் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று விதித்தால்? பெட்டிக்குப் பெட்டி நிறங்கள் வேறுபடலாம். அப்போது நான்கு போதாமல் போகலாம் என்று 238 புள்ளிகள் கொண்ட ஓர் எதிர்க்காட்டை 1993இல் மார்கிட் ஃபோய்க்ட் காட்டியிருந்தார். மர்யம் அதை 63 புள்ளிகளில் அமைத்துக் காட்டினார்.

மூன்றாவது கட்டுரை எனக்கு இன்னும் பிடித்தமானது. மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்துதான். எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அணிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெருக்கும் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் விடையும் மாறிவிடும். ஒரே அளவுள்ள அணிகளுள், எப்படி மாற்றிப் பெருக்கினாலும் ஒத்துப்போகிறவையாகவும் ஒன்றையொன்று சாராதவையாகவும் எத்தனையைத் திரட்ட முடியும்? பெர்லினில் வாழ்ந்த இஸ்ஸாய் ஷூர் 1905இல் விடை கண்டார். நிரைகளின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, நான்கால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். நான்கு நிரையும் நான்கு நிரலும் உள்ள அணிகள் என்றால் விடை ஐந்து. இதற்கு மர்யம் எழுதிய எளிய நிரூபணம் அமெரிக்கக் கணித மாத இதழில் 1998 மார்ச்சில் வந்தது. மூன்றே பக்கம். இளநிலை மாணவியின் கணிதம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று தெரியவில்லை: பெரும் கருவிகள் ஏதும் இல்லை, கையில் உள்ளதைக்கொண்டு தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்.

அவர் தம்மை மெதுவாகச் சிந்திப்பவர் என்றே சொல்லிக்கொண்டார். ஷரீஃபில் தமக்குக் கிடைத்தவற்றைப் பற்றிப் பின்னாளில் பேசியபோது, வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து கணக்குத் தீர்த்த அமர்வுகளையும், தாங்களே கூடி நூல்களைப் படித்த வட்டங்களையும், அந்த நட்பையும் நினைவுகூர்ந்தார். மேதை என்றதும் தனியறையில் அமர்ந்த ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கே இருந்ததோ ஒரு கூட்டம்.

அந்தக் கூட்டத்தின்மீதுதான் பேரிடி விழுந்தது. ஈரான் கணிதச் சங்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஆண்டுதோறும் நடத்தும் போட்டி 1998இல் தெற்கே அஹ்வாஸ் நகரில் நடைபெற்றது. மார்ச் மாதம், நவ்ரூஸுக்குச் சில நாள்களே இருந்தன. போட்டி முடிந்து தெஹ்ரானுக்குத் திரும்பிய பேருந்து வழியில் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஏழு பேர் மவ்த்தானார்கள்; பெரும்பாலோர் ஷரீஃபின் கணித மாணவர்கள், ஒலிம்பியாடில் பதக்கம் வென்று வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பண்டிகைக்குப் பிள்ளை வருவான் என்று காத்திருந்த வீடுகளுக்கு ஜனாஸா வந்தது. அதே பேருந்தில் இருந்த மர்யம் உயிர் பிழைத்தார். அவருடைய ஷூர் கட்டுரை இதழில் வெளியானதும் அதே மாதம்தான்.

அதன்பின் ஓராண்டு படித்து 1999இல் பட்டம் பெற்றார். ரோயாவும் அவரும் சேர்ந்து எண் கோட்பாட்டுக் கணக்குகள் பற்றிப் பாரசீக மொழியில் எழுதிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. தங்களுக்குப் பின்வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது அது.

ஷரீஃபின் கல்வி குறையற்றது என்று சொல்ல வரவில்லை. ஹார்வர்டுக்குப் போனபோது சேர்மானவியலும் இயற்கணிதமுமே தமக்கு ஓரளவு தெரிந்தவை என்றும், அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்கள் அறிந்திருந்த பல பாடங்களைத் தாம் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்றும் மர்யமே ஒப்புக்கொண்டிருக்கிறார். கர்ட்டிஸ் மெக்மல்லனின் கருத்தரங்கில் அமர்ந்தபோது தொடக்கத்தில் பெரும்பகுதி விளங்கவில்லை. ஆனால் கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. அதைத்தான் தெஹ்ரானில் கற்றிருந்தார். ஆங்கிலத்தில் நடந்த வகுப்புகளுக்குப் பாரசீகத்தில் குறிப்பெடுத்தார். 2004இல் முனைவர் பட்டம். 2017 ஜூலையில், நாற்பது வயதில், புற்றுநோயால் மறைந்தார். அவர் பிறந்த மே 12ஆம் நாள் கணிதத் துறைப் பெண்களுக்கான நாளாக 2019 முதல் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. அந்த யோசனையை முன்வைத்தவர்கள் ஈரான் கணிதச் சங்கத்தின் பெண்கள்தாம்.

ரோயா பெஹஷ்தீ? அவரும் அமெரிக்கா சென்று எம்.ஐ.டி.யில் 2003இல் முனைவர் பட்டம் பெற்றார். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஒரே ஊரில், ஒரே நெடுஞ்சாலையின்மீது இருப்பவை. தெஹ்ரான் புத்தகக் கடைகளில் ஒன்றாக ஏறி இறங்கியவர்கள் ஆய்வு மாணவிகளாகவும் ஒரே ஊரில்தான் வாழ்ந்தார்கள். ரோயா இன்று செயின்ட் லூயிஸ் நகரில் கணிதப் பேராசிரியர்.